மதுவுக்குப் போட்ட கோடு கஞ்சாவுக்குப் பொருந்தாது
வண்டி ஓட்டுபவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மதுவுக்கு 80 மில்லிகிராம் என்று வரம்பு இருப்பதுபோலக் கஞ்சாவுக்கும் ஓர் எண் வைத்தால் போதும் என்று, போதையில் வண்டி ஓட்டுவது பற்றிய உங்கள் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே கனடாவில் 2018 முதல் அந்த எண் இருக்கிறது: ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில், கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி 2 நானோகிராம் இருந்தாலே குற்றம், 5 என்றால் தண்டனை இன்னும் கடுமை. ஆனால் டிஎச்சி உடம்பின் கொழுப்பில் தங்குவது. தினமும் எடுப்பவருக்குப் போதை தெளிந்து நாள்கணக்கான பிறகும் இரத்தத்தில் காட்டும். எப்போதாவது புகைப்பவருக்கோ, தலை சுற்றிக்கொண்டிருக்கும்போதே அளவு மளமளவென்று இறங்கிவிடும். முதுகுவலிக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்ததை இரவில் மட்டும் எடுக்கும் என் அண்ணா, மறுநாள் காலை வேலைக்குக் காரை எடுக்கவே பயப்படுகிறார். உண்மையில் ஆபத்தானவர் சோதனையில் தப்பிவிடலாம். இரத்தத்தை மட்டும் பார்க்காமல், கண், நடை, கவனம் எல்லாவற்றையும் சோதிக்கப் பயிற்சி பெற்ற காவலர்களை இன்னும் நிறையப் பேர் சாலையில் நிறுத்த வேண்டும்.