பிஷ்ணுபூரில் சாமி எங்கே?

மேற்கு வங்கத்து பிஷ்ணுபூருக்குப் போய்வந்து எழுதுகிறவர்கள் பலருக்கும் ஒரு பெருமூச்சு வந்துவிடுகிறது. பாழடைந்த கோயில்கள், மறைந்த மன்னர்கள், உறங்கும் ஊர் என்று எழுதி, பக்கவாட்டு வெயில் விழுகிற ஒரு படத்தையும் போட்டுவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. நான் கரக்பூரில் வேலை பார்க்கிறவன். ஆத்ரா பக்கம் போகிற ரயிலில் ஏறினால் வழியில் பிஷ்ணுபூர் வந்துவிடும். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. காலையிலேயே தறிச் சத்தம், டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷாவின் ஹாரன், பொரிக்குத் தொட்டுக்கொள்ள ஆலு சாப் என்ற உருளைக்கிழங்கு வடை போடும் கடையிலிருந்து கடுகெண்ணெய் நெடி. இதையெல்லாம் தாண்டித்தான் கோயிலுக்கே போக வேண்டும். உறங்குகிற ஊராம்!

ஆனால் எங்கள் அத்தை கேட்டது நியாயமான கேள்வி. "ஏன்டா, இத்தனை கோயில் கட்டி வச்சிருக்கானுங்க, சாமியக் காணோமே?"

உண்மைதான். ஷ்யாம் ராய் கோயிலிலும் ஜோர் பாங்ளாவிலும் கருவறை காலி. தொல்லியல் துறையின் டிக்கெட், புல்தரை, ஒரு காவலர், அவ்வளவுதான். ராஸ்மஞ்சாவிலோ எப்போதுமே மூலவர் இருந்ததில்லை. 1600இல் பீர் ஹம்பீர் என்ற மன்னர் கட்டிய அந்தப் பிரமிடு கூரை மண்டபம், கண்ணன் கோபியரோடு ஆடியதைக் கொண்டாடும் ராஸ் திருவிழாவுக்கு ஊரிலுள்ள ராதா கிருஷ்ணர்களையெல்லாம் கொண்டுவந்து ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்கானது. 1932 வரை அது நடந்தது. இன்று ராஸ் வேறிடங்களில் நடக்கிறது.

பிஷ்ணுபூரை ஆண்ட மல்ல மன்னர்களின் வரலாறு பக்தியில் தொடங்கியதல்ல. மரபுக் கணக்குப்படி அவர்கள் வம்சம் கி.பி. 694இல் தொடங்குகிறது, மல்லாப்தம் என்று தனி ஆண்டுக்கணக்கே வைத்திருந்தார்கள். பீர் ஹம்பீரின் ஆட்கள் வழிப்பறிக்காரர்கள். பிருந்தாவனத்திலிருந்து வந்த மாட்டுவண்டியில் புதையல் இருக்கிறது என்று நம்பி மடக்கினார்கள், பெட்டியைத் திறந்தால் வைணவ ஏடுகள். ஏடுகளைத் தேடி அரண்மனைக்கே வந்த ஸ்ரீநிவாச ஆசாரியரின் பாகவத விளக்கத்தைக் கேட்டு மன்னர், வங்காளத்து வைணவ மகான் சைதன்யரின் வழிக்கு மாறினார் என்பது வைணவர்கள் சொல்லும் கதை. அதற்குப் பிறகு ஒரு கட்டட வெறியே பிடித்தது. ஷ்யாம் ராய் 1643, ஜோர் பாங்ளா 1655, காலாசாந்த் 1656, லால்ஜீ 1658, மதன்மோகன் 1694.

இந்தக் கோயில்களின் அழகு எனக்கு அவற்றின் ஏழ்மையில்தான் இருக்கிறது. செதுக்க நல்ல கருங்கல் இல்லை. உள்ளூரில் கிடைப்பது செம்புரைக்கல், அதில் நுணுக்க வேலை நிற்காது, மேலே சுதை பூசித்தான் ஒப்பேற்ற வேண்டும். ஆகவே களிமண்ணைப் பிசைந்து பலகை பலகையாகச் சிற்பம் செய்து சுட்டு, செங்கல் சுவரில் பதித்தார்கள். கூரைக்கு மாதிரி, வங்காளத்து மழைக்கு வளைத்துக் கட்டிய மூங்கில் குடிசை. அப்படி இரண்டு குடிசைகளை ஒட்டவைத்தால் ஜோர் பாங்ளா. தெய்வத்துக்குக் குடியானவன் வீட்டைக் கட்டிக் கொடுத்த ராஜாக்கள் வேறெங்கே இருக்கிறார்கள்? சுவரைப் பாருங்கள்: அம்புப்படுக்கையில் பீஷ்மர், வட்டமாக ஆடும் ராஸ மண்டலம், அதற்குக் கீழ்வரிசையில் வேட்டைக்காரர்கள், வீரர்களை ஏற்றிய படகுகள். புராணத்தைவிட எனக்கு அந்தக் கீழ்வரிசைதான் பிடிக்கும்.

இதற்காக மல்ல மன்னர்களைத் தலையில் வைத்து ஆடவும் நான் தயாரில்லை. 18ஆம் நூற்றாண்டில் கோபால் சிங்கர் என்றொரு மன்னர், குடிமக்கள் எல்லாரும் மாலையில் ஜெபமாலை உருட்டி ஹரிநாமம் சொல்லியே தீர வேண்டும் என்று உத்தரவு போட்டார். வயலில் வேலை செய்து அலுத்துவந்தவன் என்ன சொல்லியிருப்பான்? 'கோபால் சிங்கரின் வெட்டிவேலை' என்று வங்காளத்தில் சொலவடையே உண்டு. 1742இல் மராட்டியப் படை வந்தபோதும் மன்னர் பிரார்த்தனையில் உட்கார்ந்துவிட்டார், மதன்மோகன் கோயில் கிருஷ்ணரே இறங்கிவந்து பீரங்கியைச் சுட்டு விரட்டினார் என்கிறார்கள். அந்த தல்மாதல் பீரங்கி, 3.8 மீட்டர் நீளம், துருப்பிடிக்காமல் இன்னும் இருக்கிறது. சாமி சுட்டார் என்றால் சுட்ட சிப்பாய்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. போகட்டும்.

ஊரைக் காப்பாற்றிய அதே மதன்மோகனைத்தான் பிறகு அடகு வைத்தார்கள். மராட்டியக் கொள்ளை, 1770இன் பஞ்சம், கம்பெனியின் வரி, அரச குடும்பத்துக்குள்ளேயே வழக்கு. சைதன்ய சிங்கர் பணத்துக்கு வழியில்லாமல், கல்கத்தா பாக்பஜாரின் பெரும் செல்வந்தர் கோகுல் மித்ராவிடம் விக்கிரகத்தைக் கொடுத்துக் கடன் வாங்கினார். மூலவர் திரும்பி வரவில்லை, மித்ரா அதே அச்சில் இன்னொன்று செய்து கொடுத்தனுப்பினார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். கல்கத்தாவில் மதன்மோகனுக்குக் கோயில் இருக்கிறது. பிஷ்ணுபூர் மதன்மோகனுக்கும் பூஜை நிற்கவில்லை, அங்கே போனால் மணிச் சத்தம் கேட்கலாம். 1806இல் வரிப் பாக்கிக்காக ஜமீனே விற்பனைக்கு வர, பர்த்வான் மகாராஜா வாங்கிக்கொண்டார். ஊரின் கோயில்கள் ஆதரவற்றுப் போன கதை இதுதான்.

இனி நான் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். சாமி போனதால்தான் அந்தச் சிற்பங்கள் பிழைத்தன என்று நினைக்கிறேன். எண்ணெயும் விளக்குப் புகையும் குங்குமமும் பல தலைமுறை பட்டிருந்தால் சுட்ட மண் என்னவாகியிருக்கும்? நம் ஊரில் திருப்பணி என்ற பெயரில் கருங்கல்லுக்கே மணல்வீச்சு அடித்து மூக்கைத் தேய்த்தவர்கள் இருக்கிறார்கள். வழிபாடு உள்ள கோயில்தான் உயிருள்ள கோயில் என்று பேசுகிறவர்கள், ஜோர் பாங்ளாவின் முன் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து பேசட்டும்.

சாமி ஊரைவிட்டுப் போகவுமில்லை, வீட்டுக்குள் போய்விட்டார். ஃபௌஜ்தார் குடும்பத்தார் வரையும் தசாவதாரச் சீட்டைப் பாருங்கள். பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, சுண்ணம் பூசி, தேய்த்து, வட்டமாக வெட்டி, அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டு. புத்தர் இருக்க வேண்டிய இடத்தில் ஜகந்நாதர் கைகால் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். ராஜா, மந்திரி, ஒன்று முதல் பத்து வரை என்று உண்மையாகவே விளையாடுவதற்காகச் செய்தது. இப்போது வாங்குகிறவர்கள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். அதே குடும்பத்தார்தான் அரண்மனையின் துர்கா பூஜைக்குத் துணியில் தாக்குராணிகளை, அதாவது துர்கையின் உருவங்களை, வரைந்து தருகிறார்கள்.

பாலுச்சரி புடவையும் இப்படித்தான். அது பிறந்த இடம் முர்ஷிதாபாத் பக்கத்து பாலுச்சர். அங்கே தொழில் செத்துப்போக, 1950களில் ஓவியர் சுபோ தாக்கூரின் தூண்டுதலில் பிஷ்ணுபூர் நெசவாளர் அக்ஷய குமார் தாஸ் ஜக்கார்டு தறியில் அதை மீட்டார். பழைய பாலுச்சரி முந்தானையில் நவாபுகள் ஹூக்கா பிடிப்பார்கள். பிஷ்ணுபூர் முந்தானையிலோ கோயில் சுவரின் ரதங்களும் கிருஷ்ணர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அட்டையில் ஒவ்வொரு துளையாகக் குத்தி, அந்த அட்டைகளைக் கோத்துத் தறியில் ஏற்றி, ஒரு புடவைக்கு ஒரு வாரத்துக்குக் குறையாமல் உழைக்கிறார்கள். 2011இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்து என்ன, விசைத்தறிப் போலி கால்வாசி விலைக்குத் தெருமுனையிலேயே கிடைக்கிறது.

என் கோபம் இங்கேதான். ஒரு செங்கல் பெயர்ந்தால் கேட்க ஒரு துறை இருக்கிறது. 1998 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தக் கோயில்கள் காத்திருக்கின்றன, அது எப்போது உறுதியாகும் என்று எல்லாரும் கவலைப்படுகிறார்கள். சங்கை அறுத்து வளையல் செய்கிறவரின் மகனும் தறிக்காரரின் மகளும் கல்கத்தாவுக்கு வேலைக்குப் போய்விட்டால் யார் கவலைப்படுவது? பாட்டுக்காவது பரவாயில்லை. இந்துஸ்தானி இசையின் பழைய வகையான துருபதில் பிஷ்ணுபூர் கரானா என்று தனி மரபு, ரவீந்திரநாதருக்குச் சிறுவயதில் கற்றுக்கொடுத்த ஜது பட்டர் பிறந்த ஊர், இசைக் கல்லூரியும் இருக்கிறது. கைத்தொழிலுக்கு மேடையும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. டிசம்பர் கடைசியில் பிஷ்ணுபூர் மேளா நடக்கும் சில நாட்கள்தான் அவர்களுக்கு நல்ல வியாபாரம்.

போகிறவர்களுக்கு: டோட்டோக்காரரிடம் 'மந்திர்' என்று மட்டும் சொன்னால் நாலு கோயிலைச் சுற்றிக்காட்டி ஸ்டேஷனில் விட்டுவிடுவார். சங்கு வேலைக்காரர்களின் ஷாங்காரி பஜாருக்குப் போக வேண்டும், தறி பார்க்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மதியம் உளுந்தம்பருப்பும் கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கும் கிடைக்கும் கடையாகப் பாருங்கள், பாங்குரா மாவட்டத்துச் சாப்பாடு அதுதான். சாமி பார்த்தே ஆக வேண்டும் என்றால் புரட்டாசியில், துர்கா பூஜை சமயத்தில் வாருங்கள். 997இல் எழுந்ததாகச் சொல்லும் மிருண்மயி என்ற துர்கை கோயிலில் பூஜை மற்ற ஊர்களுக்குப் பதினைந்து நாள் முன்பே தொடங்கிவிடும், அஷ்டமிக்கு மேட்டிலிருந்து பீரங்கி வெடிப்பார்கள். அம்மனைத் தண்ணீரில் கரைப்பதும் இங்கே கிடையாது. ஏப்ரல், மே மட்டும் வேண்டாம். அந்தச் செம்மண் பூமியில் வெயில் நாற்பதைத் தாண்டும், ராஸ்மஞ்சாவைச் சுற்றி நிழலுக்கு ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும்.