மதிப்பெண் தாளில் மேடைக்கும் இடம் வேண்டும்

மாணவர் நாடகத்தில் நடிப்பையும் உச்சரிப்பையும் பார்த்தாலே போதும், மேடையமைப்பு வெறும் அலங்காரம் என்கிறது, மாணவர் நாடகங்களுக்கு மதிப்பெண் போடுவது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. நடுவராக உட்கார்ந்த ஒரு நாடகத்தில் வீடு, ரயில், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதே நான்கு நாற்காலிகள்தான். அவற்றை இரண்டிரண்டாகப் போட்டு உட்கார்ந்து, நடிகர்கள் நால்வரும் ஒரே சீராக லேசாக அசைந்தார்கள். ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. தாயாக நடித்த பெண் மகனின் கடிதத்தைப் படித்துவிட்டு, மெதுவாக நான்காக மடித்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். வசனமே இல்லை. அரங்கில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. இதற்குத் தாளின் எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது?

ஒளியும் அப்படித்தான். நேர் எதிரிலிருந்து மட்டும் விளக்கு விழுந்தால் முகம் தட்டையாகிவிடும். இரு பக்கத்திலிருந்தும் சுமார் 45 டிகிரி சாய்வில் விழுந்தால்தான் கண்ணும் கன்னமும் எடுப்பாகத் தெரியும். நல்ல நடிகன் வெளிச்ச வட்டத்துக்கு ஒரு அடி வெளியே நின்றால் அவன் உழைப்பு பின்வரிசைக்குப் போய்ச் சேராது. அப்புறம், விளக்கை இயக்கிய மாணவரையும் கூப்பிட்டு, ஏன் அந்த இடத்தில் மங்கவிட்டாய் என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.