கடைசி ஷோ முடிந்த ராத்திரியே வீட்டுக்கு வண்டி எடுக்காதீர்கள்

லேபிள், அதாவது ரெக்கார்டு வெளியிடும் நிறுவனத்தின் துணை இல்லாமல், ஒரு வேனிலும் பின்னால் மாட்டிய ட்ரெய்லரிலும் ஊர் ஊராக வாசித்து அமெரிக்காவைச் சுற்றிவரும் சின்ன இசை பேண்டுகளைப் பற்றி எழுதுகிறேன். ஆறு வார டூரில் எது ஆபத்து என்று கேட்டால் மலைப்பாதை, பனி, திருட்டு என்பார்கள். என்னைக் கேட்டால் கடைசி ஐந்து நாள்தான். ‘இன்னும் நாலு ஷோதானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சு வந்துவிட்டால் டயருக்குக் காற்று பார்ப்பது, ஆயில் மாற்றுவது, தூங்குவது எல்லாமே தள்ளிப்போகும். இதில் மிக மோசமான முடிவு, கடைசி ஷோ முடிந்த கையோடு விடிய விடிய ஓட்டி வீடு போய்ச் சேரலாம் என்பது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டப்போகிறவர் காலை 9 மணிக்கு எழுந்தவர். ஷோ முடிய நள்ளிரவு. அரங்கத்தாரிடம் கணக்கு முடித்து, சாமான் ஏற்றிக் கிளம்ப 2 மணி. அதாவது ஸ்டியரிங்கைத் தொடும்போதே 17 மணி நேரம் விழித்திருக்கிறார். 17 மணி நேர விழிப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருக்கும் நிலைக்குச் சமம்; 24 மணி நேரம் என்றால் 0.10. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்ட வரம்பு 0.08. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர், விடிவதற்குள் குடித்தவர் நிலைக்கு வந்துவிடுகிறார். அதோடு 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். காபி வேலை செய்யவே அரை மணி நேரம் ஆகும். ஜன்னலைத் திறந்து வைப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் பலன் தராது.

2003 ஜூலை 20 அதிகாலையில் நடந்தது இதுதான். போர்ட்லாந்தைச் சேர்ந்த ‘தி எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ்’ என்ற நால்வர் பேண்ட் சான்ஃபிரான்சிஸ்கோவில் வாசித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. ஓரிகனில் யூஜீன் அருகே வேன் உருண்டது. ஓட்டியவர் கண்ணயர்ந்ததாகச் சொல்லப்பட்டது. நால்வரில் மூவர் இறந்தார்கள். மூவருக்கும் வயது 20-லிருந்து 23-க்குள். அவர்களின் ஒரே ஆல்பம் அந்த ஆண்டுதான் வந்திருந்தது. யூஜீனிலிருந்து போர்ட்லாந்து சுமார் 110 மைல், இரண்டு மணி நேர ஓட்டம். வீடு பக்கத்தில் வரவர ‘இனிமேல் எதற்கு நிறுத்துவது’ என்று தோன்றும். நிறுத்த வேண்டிய இடமே அதுதான்.

சரக்கு லாரி ஓட்டுபவருக்கு அமெரிக்கச் சட்டம் 10 மணி நேரம் தொடர் ஓய்வும், அதன்பின் அதிகபட்சம் 11 மணி நேர ஓட்டமும் என்று வரையறுத்திருக்கிறது. 8 மணி நேரம் ஓட்டினால் அரை மணி இடைவேளை கட்டாயம். உங்கள் பேண்டும் இதையே தன் சட்டமாக வைத்துக்கொள்ளட்டும். சியாட்டிலிலிருந்து மினியாபொலிஸ் திரும்புவது மாதிரி கிழக்கே வருகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்: 1,650 மைல் வழியில் நேர மண்டலம் இரண்டு முறை மாறி, கடிகாரம் 2 மணி நேரத்தை விழுங்கிவிடும். தூக்கத்தில்தான் அது குறையும்.

இனி ட்ரெய்லர். டூர் முடியும் தறுவாயில் அது தள்ளாடத் தொடங்கினால் பலர் காற்றைக் குறை சொல்கிறார்கள். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வேனோடு மாட்டும் கொக்கி மேல் அழுந்த வேண்டும்; 900 கிலோ ட்ரெய்லர் என்றால் 90 முதல் 135 கிலோ. கிளம்பும்போது மெர்ச், அதாவது ஷோவில் விற்கும் ரெக்கார்டு, டீ-ஷர்ட் பெட்டிகளை முன்பக்கம் அடுக்கியிருப்பீர்கள். 150 எல்பி ரெக்கார்டு சுமார் 40 கிலோ, 200 டீ-ஷர்ட் சுமார் 30 கிலோ. அவை விற்றுத் தீர்ந்ததும் முன்பக்கத்தில் 70 கிலோ காணாமல் போயிருக்கும். சலிப்பில், 60 கிலோ அளவுக்குக் கனக்கும் பேஸ் கிட்டாரின் எட்டு ஸ்பீக்கர் கேபினட்டை, நாளைக்கு முதலில் இறக்கத்தானே போகிறோம் என்று கதவோரத்தில் கடைசியாக ஏற்றுவார்கள். வால் கனத்துவிடும், கொக்கி லேசாகிவிடும், 65 மைல் வேகத்தில் ஒரு லாரி தாண்டிப்போனாலே ட்ரெய்லர் பக்கவாட்டில் வீசும். வயோமிங் மாநிலத்தில் ஐ-80 நெடுஞ்சாலை போன்ற காற்றடிக்கும் சாலையில் கேட்கவே வேண்டாம்.

அதனால் டூரின் பாதியிலேயே அடுக்கை மாற்றுங்கள். கனமானது எல்லாம் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு, பட்டை போட்டு இறுக்கி. சந்தேகம் இருந்தால் டிரக் ஸ்டாப் எடைமேடைக்குப் போங்கள். வேனைத் தனியாக ஒரு முறை நிறுத்துங்கள். பிறகு ட்ரெய்லரை மாட்டி, வேன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி இன்னொரு முறை. வித்தியாசம்தான் கொக்கி எடை. ட்ரெய்லர் வீச ஆரம்பித்துவிட்டால் வேன் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். ட்ரெய்லருக்குத் தனி எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் கொடுங்கள்.

பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் ட்ரெய்லரின் இரண்டு வீல் ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி) புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஒன்று மட்டும் கொதித்தால் கிரீஸ் வற்றி பேரிங் போகிறது என்று அர்த்தம், அன்றே கடைக்கு.

மேடைச் சாமானிலும் இதே அலட்சியம். டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பலின் ஸ்டாண்ட் உச்சியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் இருக்கும். ஏதோ ஒரு இரவில் அது தொலையும், ‘நாலு ஷோதானே’ என்று யாரும் மாற்றுவதில்லை. இரும்பு மரை சிம்பலின் துளையை அறுத்து அறுத்துச் சாவித்துவாரம் மாதிரி ஆக்கும், அங்கிருந்து விரிசல் ஓடும். சில்லறைக் காசில் கிடைக்கும் குழாய்க்காக 300 டாலர் சிம்பல் போகும். கண்ணாடி டியூப்கள் வைத்து ஒலியைப் பெருக்கும் டியூப் ஆம்ப்களில் ஆறு வார அதிர்வுக்கு டியூப்கள் சாக்கெட்டில் தளர்ந்திருக்கும். ஆம்ப்பை அணைத்து, ஆறவிட்டு, அழுத்தி உட்காரவையுங்கள். ஃபியூஸ் போனால் அதே அளவு, அதே வகை ஃபியூஸ்தான். ‘ஒரு ஷோவுக்குத் தாங்கட்டும்’ என்று பெரியதைப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும்.

‘காசில்லை, அதனால்தான் ராத்திரியே கிளம்புகிறோம்’ என்ற பதில் எனக்குத் தெரியும். பாம்ப்லமூஸ் என்ற பேண்ட் 2014-ல் தங்கள் 28 நாள் டூர்க் கணக்கை வெளிப்படையாகப் போட்டார்கள்: வரவு 135,983 டாலர், செலவு 147,802. அரங்கம் நிறைந்தும் 11,819 நஷ்டம். இந்தத் தொழிலில் மிச்சம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நெடுஞ்சாலையோர மோட்டலில் இரண்டு அறைக்கு ஆகும் 200, 250 டாலரை மிச்சம் பிடிப்பது எந்த டூரையும் லாபமாக்கப் போவதில்லை. கிளம்பும் முன்பே அதைத் தனி உறையில் போட்டு ‘கடைசி இரவு’ என்று எழுதி வையுங்கள். பெட்ரோலுக்குக்கூட அதைத் தொடக் கூடாது.

பங்கு பிரிப்பதையும் அந்த இரவில் வேண்டாம். முதலில் சவுண்ட் இன்ஜினியருக்கும் கூலிக்கு வாசித்தவர்களுக்கும் கொடுங்கள். மீதியில் 500 டாலராவது நிறுத்தி வையுங்கள். நம்பர் பிளேட்டைப் படமெடுத்த சுங்கச்சாவடிகளின் பில் வாரக்கணக்கில் தாமதமாகத்தான் தபாலில் வரும்.

இதற்கெல்லாம் நேரம் டூர் தொடங்கும் முன்தான். ஷோக்களை ஏற்பாடு செய்யும் புக்கிங் ஏஜென்ட் தேதிப் பட்டியலின் முதல் வரைவை அனுப்பும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்: கடைசி ஷோ வீட்டிலிருந்து 250 மைலுக்குள் இருக்க வேண்டும், அரங்கத்திலிருந்து அரை மணி தூரத்தில் அறை போட வேண்டும், மறுநாள் காலை 10 மணிக்கு முன் வண்டி கிளம்பாது. வாடகை வேனைத் திருப்பிக் கொடுக்கும் தேதியையும் அதற்கேற்ப ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.