ஷைலஜா ஆச்சார்யாவுக்கு ஒரு வரி போதாது

நேபாள அமைச்சர்கள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அந்நாட்டு அரசியல்வாதி ஷைலஜா ஆச்சார்யாவை ‘முதல் பெண் துணைப் பிரதமர்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. 1998இல் கிடைத்த அந்தப் பதவியா பெரிது? 1960 டிசம்பரில் மன்னர் மகேந்திரா தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கலைத்தார். அடுத்த சில மாதங்களில் அந்த மன்னருக்கே கறுப்புக்கொடி காட்டிச் சிறைக்குப் போனவர் இவர். அப்போது பதின்ம வயதுதான்!

அப்புறம், 1990க்குப் பின் ஜனநாயகம் திரும்பியதும் பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலாவின் அமைச்சரவையில் இவர் வேளாண் அமைச்சர். அந்தப் பிரதமர் இவருக்கு நெருங்கிய உறவினர், ஆளும் கட்சியும் சொந்தக் கட்சி. அப்படியிருந்தும் அரசில் ஊழல் மலிந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிப் பதவி விலகினார். கொய்ராலா குடும்ப அரசியலைச் சாடும் கட்டுரையாளர், அதே குடும்பத்திலிருந்து வந்த இந்தத் துணிச்சலையும் எழுதியிருக்க வேண்டும்.