மீன்சோறு மட்டும் போதாது

இறக்குமதிப் பூனை உணவு வீண்செலவு, மீன்சோறே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. டோரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனையின் உடல் போதிய அளவில் உண்டாக்காது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே அது கிடைக்க வேண்டும். குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். சோறு கூடக்கூட அதன் அளவு குறைகிறது. டோரின் நீரில் கரைவதால், அவித்த நீரைக் கொட்டினால் இன்னும் இழப்பு. கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் சாளையையோ கோழி இதயத்தையோ அவித்த நீரோடே கொடுங்கள். ஆனாலும் 'முழுமையான உணவு' என்று அச்சிட்ட பைக்கற்றே அடிப்படையாக இருக்கட்டும். ஏனெனில், போதிய சுண்ணாம்புச் சத்தை வெறும் சதை தராது. வெங்காயக் குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். வெங்காயம் பூனைக்கு நஞ்சு. பூனைக்குப் போதிய டோரின் இருக்கும் என்ற உறுதியில்லாத நாய் உணவை மலிவு என்று வாங்கிப் போடுபவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது.