கவாத்து

ஏட்டையா: கார்த்திகையில உங்க மல்லிச் செடி அம்புட்டையும் எவனோ முழங்கால் உசரத்துக்கு வெட்டிப் போட்டுட்டுப் போனானேக்கா, ஆளு யாருன்னு துப்புக் கெடச்சுச்சா?

அக்கா: கெடச்சுச்சு. நான்தான். கவாத்துப் பண்ணுனேன்.

ஏட்டையா: கவாத்தா? நீங்களா? எந்த மைதானத்துல?

அக்கா: இந்தா, இந்த அரை சென்ட்டுலதான்.

ஏட்டையா: ரிட்டயர் ஆகி ஆறு வருசமாச்சு, எனக்கே கால் தூக்க வரல. இந்த வயசுல உங்களுக்கு எதுக்குக்கா கவாத்து?

அக்கா: எனக்கில்ல ஏட்டையா, செடிக்கு.

ஏட்டையா: செடியை வரிசையா நிக்க வச்சா?

அக்கா: அது எப்ப உக்காந்துச்சு, நிக்க வைக்கிறதுக்கு?

(அவருக்குக் கவாத்துன்னா லெஃப்ட் ரைட். அக்காவுக்குக் கவாத்துன்னா கத்தரி. ஒரே காம்பவுண்டுச் சுவருக்கு அங்கிட்டும் இங்கிட்டுமா பதினஞ்சு வருசம் குடியிருந்தும் இது இன்னும் தீரல.)

அக்கா: கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கிட்ட வந்து பாருங்க. அந்தா, தளிர் நுனியில.

ஏட்டையா: என்னமோ அரிசிக் குருணை ஒட்டிக்கிட்டிருக்கு.

அக்கா: மொட்டு. மூணு மூணா வரும். பழைய குச்சியை நம்பிப் பிரயோசனம் இல்ல, புதுத் தளிர்லதான் பூக்கும். அதான் கார்த்திகையில மொட்டை, பங்குனியில மொட்டு. இலையை உருவி, ஆட்டுப்புழுக்கை போட்டு, தண்ணி விட்டுட்டுச் சும்மா இருக்கணும். அந்தச் சும்மா இருக்கிறதுதான் கஷ்டம். தை மாசம் பூரா வெறும் குச்சி. வர்றவன் போறவனெல்லாம் துக்கம் விசாரிச்சுட்டுப் போனான்.

ஏட்டையா: முப்பது வருசம் கவாத்துப் பண்ணுன தலை இது. ஒண்ணும் துளிர்க்கலையே?

அக்கா: நீங்க தொப்பியைப் போட்டு மூடிட்டீங்க. வெயிலு பட வேணாமா?

ஏட்டையா: சரி, அதை விடுங்க. உங்க வேப்பமரத்துக்கும் அப்படியே ஒரு கவாத்துப் பண்ணிருங்களேன்.

அக்கா: எம்புட்டு?

ஏட்டையா: அடியோட.

அக்கா: அடியோட பண்ணுனா அதுக்குப் பேரு கவாத்தில்ல ஏட்டையா, என்கவுன்ட்டர்.

ஏட்டையா: வெளையாட்டுப் பேச்சில்லக்கா. மாசி முழுக்க என் முத்தத்துல சருகு. அது நின்னு, மரம் செவப்பாக் கொழுந்து விடுதே, ஒழிஞ்சுச்சுன்னு நெனச்சேன். இப்ப ஒரு வாரமா வெள்ளை வெள்ளையா என்னமோ தவிடு மாதிரி கொட்டுது. 2 லட்ச ரூபாய் டைல்ஸுக்கா!

அக்கா: அந்தத் தவிட்டைத்தான் பாண்டிய ராசா மாலையாக் கட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டான். மதுரையில இருந்துக்கிட்டு வேப்பம்பூவைக் குப்பைங்கிறீங்க.

ஏட்டையா: ராசா கழுத்துல கெடந்தா கூட்டிப் பெருக்க ஆளிருக்கும். என் டைல்ஸுக்கு நான்தானே கூட்டணும்?

அக்கா: உங்க போர் எத்தனை அடி?

ஏட்டையா: அதுக்கும் இதுக்கும் என்னக்கா... 420.

அக்கா: தண்ணி வருதா?

ஏட்டையா: காத்து வருது.

அக்கா: ஐப்பசியில பேஞ்ச மழை அம்புட்டும் உங்க டைல்ஸுல வழுக்கிக்கிட்டுச் சாக்கடைக்குப் போச்சு, நான் இங்கிட்டு நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பூமிக்குள்ள இறங்க ஒரு சாண் மண்ணு விட்டீங்களா? வாசல்லயிருந்து கொல்லை வரைக்கும் ஓட்டி மெழுகிட்டு, மாடியில நாலு பையில தேங்காய் நாரைக் காசு குடுத்து வாங்கி ரொப்பி வச்சிருக்கீங்க. அதுலயும் ரெண்டு பை காஞ்சு போச்சு.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. வேப்பமரத்துல ஒரு தேன்சிட்டு மட்டும் கத்திக்கிட்டிருந்தது.)

ஏட்டையா: அந்த ரெண்டு பையையும் வேணா கவாத்துப் பண்ணிப் பாக்கவா?

அக்கா: பண்ணுங்க. காலையில அஞ்சு மணிக்கு விசில் அடிச்சு.

ஏட்டையா: நக்கல் பண்ணாதீங்க. மரத்துக்கு மனு எழுதி வச்சிட்டேன். நாளைக்கு ஆபீசுல குடுக்கப் போறேன்.

அக்கா: குடுங்க. போறதுக்கு முந்தி வண்டியை எடுத்துருங்க.

ஏட்டையா: எந்த வண்டியை?

அக்கா: பங்குனி பொறந்ததுலருந்து சீட்டு சுடுதுன்னு என் மரத்து நிழல்ல கொண்டாந்து நிப்பாட்டுறீங்களே, அந்த வண்டியை.

ஏட்டையா: ...சரி, சித்திரை ஒண்ணு போகட்டும், அப்புறம் குடுத்துக்கிறேன். பச்சடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பூ வேணும்ல. வருசா வருசம் எங்க வீட்டுல எந்தக் கடையில வாங்குறாளோ தெரியல, அம்புட்டு வாசம்.

அக்கா: கடையிலயா? நீங்க உச்சிவேளையில அசந்து தூங்குறப்ப, என் மரத்தடியில பழைய சேலையை விரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க. இந்த வருசத்துக்கு நேத்தே முடிஞ்சுச்சு. போறப்ப ஒண்ணுதான் சொன்னாங்க.

ஏட்டையா: என்னன்னு?

அக்கா: "அவருகிட்டச் சொல்லிராதீங்கக்கா, உள்ள உக்காந்து மனு எழுதிக்கிட்டிருக்காரு"ன்னு.