ரெண்டு நிமிஷமாம், ரெண்டு நிமிஷம்!

ஓகேயு பார்க்கிங்கில், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில், காரைப் போட்டுவிட்டு டபுள் சிக்னலைத் தட்டிவிட்டால் பாவமெல்லாம் கழிந்துவிடும் என்று கோலாலம்பூருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இன்று மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் மறுபடியும் அதே கூத்து. இந்த முறை கார்கூட இல்லை, மோட்டார் சைக்கிள். கட்டத்துக்குள்ளும் இல்லை, பக்கத்தில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு போட்டிருக்கிறதே, அங்கே. "அதான் காலியா கெடக்கே பாஸ்!"

காலியாகக் கிடப்பதுதான் ஐயா அந்த இடத்தின் வேலை!

சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் தானே ஓட்டிவந்த காரிலிருந்து இறங்குவதை என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறீர்களா? கதவை முழுக்கத் திறக்க வேண்டும். பாதி திறந்தால் ஒன்றும் நடக்காது. பக்கத்து சீட்டில் கிடக்கும் நாற்காலிச் சட்டத்தைத் தூக்கி, மார்புக்கு மேலாகக் கொண்டுவந்து, வெளியே தரையில் வைக்க வேண்டும். பிறகு ஒரு சக்கரம். அச்சு சரியாக மாட்டியதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். மாட்டாவிட்டால் உட்காரும்போது சக்கரம் கழன்றுகொள்ளும். அப்புறம் இன்னொரு சக்கரம். அப்புறம் மெத்தை. தண்டுவடம் அடிபட்டவர் அது இல்லாமல் உட்கார்ந்தால் புண் வரும், வருவதும் தெரியாது. நாற்காலியை சீட்டோடு ஒட்டிச் சாய்வாக நிறுத்தி, பிரேக் போட்டு, கையை ஊன்றி உடம்பை எம்பி நகர்த்தி, கடைசியில் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைக்க வேண்டும். இத்தனைக்கும் காருக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் தேவை. 'ஓரமா நிப்பாட்டின' மோட்டார் அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும்.

வரும்போதே அடைத்திருந்தால் வேறு இடம் தேடி ஓட்டிப் போகலாம். அவர் இறங்கிக் கடைக்குள் போன பிறகு வந்து அடைத்தால்? தன் காரைப் பார்த்துக்கொண்டே வெயிலில் நிற்க வேண்டியதுதான். மன்னிக்கவும், உட்கார வேண்டியதுதான். இன்றைக்கு அதுதான் நடந்தது.

ஜாகாவை, அதாவது காவலாளியை, கூப்பிட்டால், அவர் என்ன செய்வார் பாவம்? தனியார் இடம், சம்மன் எழுதும் அதிகாரம் அவருக்கு இல்லை. மிஞ்சிப் போனால் நாளையிலிருந்து கட்டத்தின் நடுவே ஒரு கோன் வைப்பார். அடடா, என்ன மூளை! அந்தக் கோனை எடுக்க ஓட்டுநர் காரைவிட்டு இறங்க வேண்டுமே? இறங்குவதற்குத்தானே அந்த இடமே!

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 685-ஆவது சட்டம். 2008-ல் போட்டபோது பொது இடங்களை அணுகும் உரிமையை அழகாக எழுதினார்கள். மறுத்தால் என்ன தண்டனை என்று மட்டும் எழுதவில்லை. அரசாங்கத்தின் மேல் வழக்கு வராமல் காப்பாற்ற 41-ஆவது பிரிவை மறக்காமல் எழுதினார்கள். 2010-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையையும் ஏற்றாயிற்று. கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது விதியோ சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் இவற்றை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது. பாலினமே 2001-ல்தான் உள்ளே வந்தது. உடற்குறை இன்னும் வெளியே நிற்கிறது. வாசலில் படி இருக்கும் போல.

சலுகை உண்டு, மறுக்கவில்லை. உள்நாட்டுக் கார் வாங்கினால் சாலை வரி கிடையாது. ரொம்ப நன்றி. ஓட்டலாம், இறங்கத்தான் முடியாது.

கடைசியில் மோட்டார்காரர் டப்பாவ் பையோடு, அதாவது பார்சல் சாப்பாட்டோடு, ஆடி அசைந்து வந்தார். "சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே அண்ணே." எங்கே போய்ச் சொல்வது, எந்த மேசையில் தேடுவது? திட்ட வாயெடுத்தால் சிரிப்புதான் வருகிறது.

அது கிடக்கட்டும், இந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் ரசப் பைக்கு எதற்கு இத்தனை சுற்று ரப்பர் பேண்ட் போடுகிறார்கள்? அவிழ்ப்பதற்குள் பாதி ரசம் சட்டையில்!